கதவுக்கும் டிராயருக்கும் பீடிங்: சின்ன டிராயரிலிருந்து ஆரம்பியுங்கள்

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். பெரம்பூர் வீட்டில் 12 வருடத்துக்கு முன் செய்த பிளைவுட் அலமாரி இருக்கிறது. மேலே மைக்கா ஒட்டியது. 18 அங்குல அகலமும் நாலடி உயரமும் உள்ள நான்கு கதவுகள், அவற்றின் கீழே 18 அங்குலத்துக்கு 6 அங்குலத்தில் சில டிராயர்கள். பார்க்க மொட்டையாக இருப்பதால் பீடிங், அதாவது மெல்லிய அலங்காரப் பட்டை ஒட்டி அழகுபடுத்த நினைக்கிறார். தேக்கா எம்.டி.எஃப்.பா (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), ஆணியா பசையா என்று கேட்கிறார். கூடவே ஒரு வருத்தமும் சொல்கிறார்: பூஜை அறையின் தேக்குப் பலகைக் கதவில் ஒட்டிய பீடிங், ஒரே வருடத்தில் மூலைகள் வாய் பிளந்து நிற்கிறது.

கொளத்தூரில் 20 வருடத்துக்கு மேலாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆணியா பசையா என்பதற்குக் கடைசியில்தான் பதில் வரும். அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பீடிங்குக்கு அடியில் என்ன இருக்கிறது, உங்கள் அலமாரியிலேயே சின்ன டிராயர் எவ்வளவு பெரியது. இந்த இரண்டும் சரியாகப் பிடிபட்டால் மீதி வேலை தானாக அமையும்.

முதலில் பூஜை அறைக் கதவு. அதை ஒட்டியவர் வேலை தெரியாதவராக இருக்க வேண்டும் என்றில்லை. மரத்தின் குணத்தை அந்த ஓர் இடத்தில் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். முழுப்பலகை ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் உப்பும், காய்ந்தால் அகலத்தில் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையவே அசையாது. பச்சைத் தேக்கு முழுக்கக் காயும்போது வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், மையத்திலிருந்து வெளிநோக்கி சுமார் 2.5 சதவீதமும் சுருங்கும் என்பது கணக்கு. தேக்கு நல்ல மரம், மற்ற பல மரங்கள் இதைவிட அதிகம் ஆடும். ஆனாலும் 15 அங்குலப் பலகையில் ஈரம் நான்கு சதவீதம் ஏறி இறங்கினால் ஒரு நூல் அளவுக்கு அகலம் மாறிவிடும். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மில்லிமீட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிய பலகை, சித்திரை வெயிலிலும் ஏ.சி. காற்றிலும் சுருங்குகிறது. நெடுக்கே ஒட்டிய பீடிங் பலகையோடு சேர்ந்து உள்ளே நகர்கிறது. குறுக்கே ஒட்டிய பீடிங்குக்கு அது நீளவாக்கு, அது நகராது. இரண்டும் சந்திக்கிற மூலைதான் அந்தச் சண்டையைத் தாங்க வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவற்றை நானும் செய்தேன். நங்கநல்லூரில் ஒரு வீடு, முழுத் தேக்குப் பலகைக் கதவு. கார்த்திகை மாதம் சுற்றிலும் பசை தடவி, ஆணி அடித்து, மலைபோல உறுதியாக ஒட்டினேன். மூலை பிளக்கவில்லை. சித்திரையில் பலகையே தலையிலிருந்து கால் வரை மயிரிழையாக விரிசல் விட்டது. பீடிங் பிளந்திருந்தால் மாற்றிக் கொடுத்திருக்கலாம். பலகை போனது போனதுதான். அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே முழுப்பலகையில் குறுக்கே வரும் பீடிங்கை முழு நீளத்துக்கும் ஒட்டக்கூடாது. நடுவில் இரண்டு அங்குலத்துக்குப் பசை, மற்ற இடங்களில் மெல்லிய ஆணி மட்டும். ஆணி கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பசை கொடுக்காது. கதவு சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்ததாக இருந்தால் இன்னும் சுலபம்: பீடிங்கைச் சட்டத்தோடு மட்டும் ஒட்டுங்கள், பலகையில் ஒரு சொட்டுப் பசையும் படக்கூடாது. பலகை அதன் காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், தன்பாட்டுக்கு உப்பிச் சுருங்கட்டும்.

உங்கள் அலமாரிக்கு இந்தக் கவலை இல்லை. பிளைவுட்டில் ஒரு அடுக்கு நெடுக்கு, அடுத்தது குறுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எம்.டி.எஃப்.பும் அப்படித்தான், அதில் இழையின் போக்கே இல்லை. சுற்றிலும் தாராளமாக ஒட்டலாம். உங்களுக்குத் தொல்லை மைக்காதான்.

சரி, அளவுக்கு வருவோம். பெரும்பாலும் கதவைப் பார்த்துத்தான் பீடிங்கைத் தீர்மானிக்கிறார்கள். கதவு பெரியது, கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஓரத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, அரை அங்குல பீடிங்கில் ஒரு சட்டம் போட்டால் கதவில் அருமையாக இருக்கும். அதையே 6 அங்குல டிராயரில் போட்டுப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு போனால் மிச்சம் இரண்டு அங்குலம். அதில் பீடிங்கே ஓர் அங்குலத்தைத் தின்றுவிடும். நடுவில் ஓர் அங்குலச் சந்து, அதற்குள் கைப்பிடியைத் திணிக்க வேண்டும். டிராயரில் மட்டும் மேலும் கீழும் குறைத்துக்கொண்டு பக்கங்களில் இரண்டு அங்குலம் வைப்பவர்களும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சட்டம் நசுங்கியதுபோலத் தெரியும்.

நான் டிராயரில் தொடங்குவேன். 6 அங்குலத்துக்கு ஒன்றேகால் அங்குல ஓரம் விட்டால் சட்டத்தின் வெளியளவு மூன்றரை, உள்ளே இரண்டரை அங்குலம் கிடைக்கும். கைப்பிடி தாராளமாக உட்காரும். அதே ஒன்றேகாலைக் கதவுக்கும் நான்கு பக்கமும் வையுங்கள். மேலே கதவிலிருந்து கீழே கடைசி டிராயர் வரை பீடிங்கின் நெடுக்குக் கோடுகள் ஒரே நேர்க்கோட்டில் இறங்கும். வீட்டுக்கு வருபவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் அலமாரி ஒழுங்காக இருக்கிறது என்று தோன்றும். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த டிராயர் இருந்தால் அதில் சட்டமே வேண்டாம், வெறுமையாக விடுங்கள்.

வெட்டுவதற்கு முன் அரை அங்குலப் பேப்பர் டேப்பைக் கதவிலும் டிராயரிலும் அந்த அளவில் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். காலை வெளிச்சத்தில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை. நான் வேலை எடுக்கும் வீடுகளில் பாதிப் பேர் டேப்பைப் பார்த்தபின் அளவை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

டேப் ஒட்டியிருக்கும்போதே கதவைத் திறந்து மூடியும் பாருங்கள். பீடிங் கதவின் தடிமனைக் கூட்டுகிறது. ஓரத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் உள்ளே இருந்தால் பக்கத்துக் கதவோடு மோதாது. ஆனால் ஓரத்தோடு ஓரமாகப் பட்டை ஒட்டும் பாணி எடுத்தால், கீல் பக்கத்து முன்மூலை திறக்கும்போது பக்கத்துக் கதவை உரசும். 18 மில்லிமீட்டர் கதவுக்கு விட்ட இடைவெளி 26 மில்லிமீட்டர் கதவுக்குப் போதாது. 35 மில்லிமீட்டர் கிண்ணம் வைத்த ஆட்டோ கீலில் கொஞ்சம் திருகி நகர்த்தலாம், அதற்கும் எல்லை உண்டு. சுவரை ஒட்டிய கதவு முழுக்கத் திறந்தால் பீடிங்கும் கைப்பிடியும் சுவரில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்துத் தள்ளும் கதவாக இருந்தால் பின்பக்கக் கதவில் பீடிங் ஒட்டவே முடியாது. முன்கதவு அதன்மேல் தேய்த்துக்கொண்டு போகும். இரட்டைக் கதவு சேருமிடத்தில் இடைவெளியை மறைக்க நடுப்பட்டை ஒட்டுவதாக இருந்தால், பட்டை இருக்கிற கதவைத்தான் எப்போதும் முதலில் திறக்க வேண்டும். வலது கைக்கு வசதியான கதவில் பட்டை இருக்கட்டும்.

எந்த மரம் என்று கேட்டீர்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் எம்.டி.எஃப்.பைவிட, இன்னும் அடர்த்தியாக அழுத்திச் செய்த எச்.டி.எச்.எம்.ஆர். பலகையில் அறுத்த பட்டை நல்லது, ஈரத்தை இன்னும் தாங்கும். சென்னையில் மாடி வீட்டிலேயே மழைக்காலத்தில் சுவர் வியர்க்கிறது. சாதா எம்.டி.எஃப்.பின் வெட்டு ஓரம் பிரைமர் இல்லாமல் இருந்தால் ஈரத்தைக் குடித்துப் பஞ்சு மாதிரி ஊதிவிடும். பாலிஷ் என்றால் தேக்குதான் என் விருப்பம். சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் போனால் விதவிதமான வடிவத்தில் நீள அடிக் கணக்கில் கிடைக்கும். கடையில் ஒவ்வொரு குச்சியையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பாருங்கள். முறுக்கு இருந்தால் வைத்துவிடுங்கள், ஆணி அடித்தால் நேராகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். வெளுத்த பகுதி ஓடுகிற குச்சியையும் ஒதுக்குங்கள். வைரம் பாய்ந்த மரத்தில் வண்டு அவ்வளவாக வாய் வைக்காது, வெள்ளைப் பகுதியிலிருந்துதான் உளுக்க ஆரம்பிக்கும். மொத்தத்தையும் ஒரே நாளில் ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். அடுத்த மாதம் போனால் அதே வடிவம் என்று கொடுப்பார்கள், ஆனால் அரை மில்லிமீட்டர் மாறியிருக்கும், மூலையில் அது தெரியும்.

கணக்கு: ஒரு கதவுக்கு வெளியளவு பதினைந்தரைக்கு நாற்பத்தைந்தரை அங்குலம், சுற்றளவு பத்தடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு டிராயருக்கு 38 அங்குலம். எட்டடிக் குச்சி ஒன்றில் இரண்டு டிராயர் முடிந்துவிடும். சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

வடிவத்தில் ஒரு வார்த்தை. கடையில் நெளிவும் பள்ளமும் நிறைந்த பீடிங்தான் கண்ணை இழுக்கும். நம் ஊர்த் தூசிக்கு அது ஒத்துவராது. மேல்பக்கம் சரிவாகவோ உருண்டையாகவோ இருந்தால் ஒரு துணியில் துடைத்துவிடலாம். சமையலறைக் கதவாக இருந்தால் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். தாளிப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு தூசியோடு சேர்ந்து பள்ளத்தில் உறைந்தால், பல் துலக்கும் பிரஷ் வைத்துத்தான் சுரண்ட வேண்டும்.

இப்போது வேலை. கதவுகளைக் கீலிலிருந்து கழற்றுங்கள். டிராயரின் முகப்பை உள்பக்கத் திருகாணிகளை எடுத்துப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் எண் எழுதுங்கள். நிற்கிற கதவில் பீடிங் ஒட்டுவது நானே செய்ய விரும்பாத வேலை, மேசையில் படுக்க வைத்தால்தான் கை நிதானமாக ஓடும்.

மைக்காவின் வழவழப்பில் வெள்ளை ஃபெவிகால் பிடிக்காது. காய்ந்தபின் நகத்தால் நெம்பினால் பட்டை அப்படியே உரிந்து வரும். 80ஆம் நம்பர் உப்புத்தாளால் நன்றாகக் கீறிவிட்டு அரால்டைட் போட்டு ஒட்டலாம், அது ஒரு வழி. நான் செய்வது காடி வெட்டுவது. பீடிங்கின் அகலத்துக்குச் சரியாக, 2 மில்லிமீட்டர் ஆழத்தில். மைக்கா ஒரு மில்லிமீட்டர், பிளைவுட்டில் ஒரு மில்லிமீட்டர். கோட்டின்மேல் டேப் ஒட்டி, எஃகு ஸ்கேலை வைத்துக் கத்தியால் இரண்டு மூன்று முறை ஆழமாகக் கீறிய பிறகுதான் டிரிம்மர் மெஷினை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் மைக்கா ஓரம் பல் பல்லாகச் சிதறும். கார்பைடு முனை உள்ள நேர் பிட் போடுங்கள், மைக்கா சாதா எஃகை ஒரே கதவில் மழுக்கிவிடும். மெஷின் விட்ட மூலை வளைவாக இருக்கும், அதை உளியால் சதுரமாக்குங்கள். பழைய பிளைவுட் துண்டில் ஒரு முறை வெட்டி, பீடிங் அழுத்தினால் இறங்கி, தூக்கினால் கூடவே பலகையும் எழும்புகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கதவைத் தொடுங்கள். காடியில் உட்கார்ந்த பீடிங் மரத்தோடு மரமாக ஒட்டுகிறது. அதற்கு வெள்ளை ஃபெவிகாலே போதும்.

மூலை. இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரு சட்டத்தில் நான்கு மூலை, மூலைக்கு இரண்டு வெட்டு, ஆக எட்டு. உங்கள் ரம்பம் 45க்குப் பதில் நாற்பத்தைந்தரை டிகிரியில் வெட்டினால், எட்டு வெட்டுக்கும் சேர்த்து நான்கு டிகிரி பிசகு. முதல் மூன்று மூலையையும் அழகாகச் சேர்த்துவிட்டு வந்தால் அது முழுவதும் நான்காவது மூலையில் வாய் பிளந்து நிற்கும். அந்த மூலையை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குற்றம் அந்த மூலையில் இல்லை. அதனால் முதலில் கழிவுத் துண்டில் கை நீளத்துக்கு ஒரு குட்டிச் சட்டம் வெட்டிச் சேர்த்துப் பாருங்கள். நான்கும் மூடினால் ரம்பம் சரி. மூடவில்லை என்றால் ரம்பத்தைத் திருத்துங்கள்.

அடுத்தது நீளம். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே நீளமாக இருப்பதுதான் முக்கியம். அளவு டேப்பை வைத்து இரண்டு தடவை அளக்காதீர்கள். ரம்ப மேசையில் ஒரு கட்டையை ஆணி அடித்து, அதில் முட்டுக் கொடுத்து இரண்டையும் வெட்டுங்கள். ஒரு மயிரளவு நீளமாகவே வெட்டி, 45 டிகிரி முட்டுப்பலகையில் வைத்து இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்துப் பொருத்துவது என் வழக்கம். சீவல் சுருண்டு வரும்போது வெட்டுமுகம் கண்ணாடிபோல ஆகிவிடும், ரம்பம் விட்ட பிசிறு இருக்காது.

டிராயருக்கு நான்கு துண்டையும் ஒரே குச்சியிலிருந்து வரிசையாக வெட்டுங்கள்: இடது, மேல், வலது, கீழ். பிறகு அதே வரிசையில் பொருத்தினால் தேக்கின் ரேகை ஒரு மூலையில் புகுந்து அடுத்த பக்கத்தில் தொடர்ந்து ஓடும். மூன்று மூலையில் ரேகை சேரும், நான்காவதில் மட்டும் முதலும் முடிவும் சந்திப்பதால் சேராது. அந்த மூலையைக் கீழே இடது பக்கம் வைத்துவிடுங்கள், கண் அங்கே கடைசியாகத்தான் போகும்.

ஒட்டும் முன், தேக்கின் முதுகையும் வெட்டுமுகத்தையும் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். தேக்கில் எண்ணெய்த் தன்மை உண்டு, துடைத்த உடனே ஒட்டினால் பசை நன்றாகப் பிடிக்கும். வெட்டுமுகம் பசையை உறிஞ்சும். அதனால் முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, சில நிமிடம் விட்டு, இரண்டாம் பூச்சு பூசிச் சேருங்கள். உங்கள் பூஜை அறைக் கதவில் இந்த முதல் பூச்சும் விட்டுப்போயிருக்கலாம்.

ஆணி, பசை காயும்வரை பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஆணி அடிக்கும் கன் இருந்தால் 20 மில்லிமீட்டர் பின் போதும். அதைவிட நீளமானது சாய்ந்து போனால் கதவின் உள்பக்கம் எட்டிப் பார்க்கும், துணி கிழியும். மூலையிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி, பீடிங்கின் பள்ளத்தில் அடியுங்கள், ஓட்டை நிழலில் மறையும். கன் இல்லையா, மெல்லிய ஆணியின் தலையை நறுக்கிவிட்டு அதையே ட்ரில்லில் மாட்டித் துளையிட்டு, அதே அளவு ஆணியைச் சுத்தியலால் மெதுவாக இறக்குங்கள். பீடிங் பிளக்காது. வழிந்த பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். காய்ந்த பசையின்மேல் பாலிஷ் ஏறாது, வெளிறிய திட்டாக நிற்கும்.

இன்னும் ஒரு வேலைப்பாடு இருக்கிறது, அலமாரி இல்லாமல் தனியாக மேசை செய்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். டிராயர் முகப்பின் மேலே எதுவும் ஒட்டாமல், அதன் நான்கு ஓரத்திலும் மெல்லிய உருண்டைப் பட்டையைப் பதித்து, முகப்பைவிட அரை நூல் வெளியே தெரிய விடுவது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தில் பரவிய பாணி இது. முகப்பில் ஒட்டிய வெனீர் என்னும் மெல்லிய மரத்தகட்டின் ஓரம் பெயராமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. மேல்பட்டை முகப்பின் முழுக் கனத்துக்கும் போகும். பக்கத்திலும் கீழும் மட்டும் முன்பாதியோடு நின்றுவிடும், பக்கவாட்டுப் பொருத்துப் பற்கள் மறையாமலும் வலு குறையாமலும் இருப்பதற்காக. நான்கு அங்குலத்துக்குக் குறைந்த டிராயருக்கு இதைவிட அழகான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை. பட்டை ஓரத்தில் இடம் பிடிக்கும் என்பதால் முகப்பை அந்த அளவுக்கு முன்பே சிறிதாக்க வேண்டும்.

பாலிஷ். பீடிங்கை வெட்டும் முன்பே குச்சியாக இருக்கும்போது உப்புத்தாள் போட்டு இரண்டு கோட் அடித்துவிடுங்கள், ஒட்டியபின் ஒரு கோட். ஒட்டியபிறகு முழுவதும் அடித்தால் மைக்காவெல்லாம் பாலிஷ் வழியும். பள்ளத்தைத் தேய்க்க விரலால் அழுத்தாதீர்கள், வடிவம் மழுங்கும். பள்ளத்துக்கு ஏற்ற பென்சிலிலோ குழாய்த் துண்டிலோ தாளைச் சுற்றித் தேயுங்கள். ஆணி ஓட்டைக்கு மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பட்டி பார்ப்பது பலர் வழக்கம். பாலிஷ் வேலையில் அது கறுப்புப் பொட்டாகத் தெரியும், கடைசிக் கோட்டுக்குப் பின் நிறம் சேர்த்த மெழுகை வைத்து அடைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மழை ஈரத்தில் தின்னர் கலந்த லாக்கர் வெள்ளை பூத்துவிடும். தை, மாசி சரியான காலம்.

திரும்ப மாட்டும்போது கைப்பிடித் திருகாணியைப் பாருங்கள். பழைய துளை பீடிங்கின் மேல் விழுந்தால் கனம் கூடியிருக்கும், பழைய திருகாணி எட்டாது. நீளமானது வாங்க வேண்டும், அல்லது துளையை அடைத்துவிட்டு சட்டத்துக்கு உள்ளே புதிதாகப் போட வேண்டும். டிராயருக்கு இரண்டரை அங்குலம் விட்டது அதற்குத்தான். மிஞ்சிய பீடிங்கில் ஓரடி நீளத்தை பாலிஷோடு அலமாரியின் மேல் தட்டில் போட்டு வையுங்கள். சில வருடம் கழித்து ஒரு மூலை உடைந்தால் அதே வடிவம் கடையில் கிடைக்காது, அந்தத் துண்டிலிருந்துதான் வெட்டிப் போட வேண்டியிருக்கும்.